பொருத்து வீட்டின் விலையில் இரண்டு கல்வீடு: பெறுகை விதிகள் யாருக்காக?

2016 ஆம் ஆண்டில் வடக்கு, கிழக்கில் 65,000 பொருத்து வீடுகளை ஆர்செலர் மித்தல் நிறுவனத்தைக் கொண்டு அமைக்க மீள்குடியேற்ற அமைச்சு முயன்றது. ஒரு வீட்டின் விலை ஏறக்குறைய 21 இலட்சம் ரூபா. உரும்பிராயில் மாதிரி வீடுகளும் எழுந்தன.

அதே காலத்தில் கல்வீடு கட்ட அரசு வழங்கிய உதவி 8 இலட்சம். அது போதாமல் பலர் கடன்பட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் 10 இலட்சம் கொடுத்திருந்தாலும் ஒரு பொருத்து வீட்டின் செலவில் இரண்டு குடும்பங்கள் கல்வீட்டில் குடியேறியிருக்கும். எமது மேசன்மாருக்கும் தச்சர்களுக்கும் வேலை கிடைத்திருக்கும். கடும் எதிர்ப்பின் பின்னரே 65,000 என்ற திட்டம் கைவிடப்பட்டது.

கடன் வசதியுடன் வரும் திட்டம் என்பதே அரச தரப்பு சொன்ன நியாயம். பெறுகையின் சூட்சுமம் இங்கேதான் உள்ளது. கேள்விப்பத்திரத்தில் எந்த நிபந்தனை இடப்படுகிறதோ, அதுவே பல வேளைகளில் வெற்றியாளரையும் தீர்மானித்துவிடுகிறது. பெரும் கடனைக் கொண்டுவர வேண்டும் என்றால் உள்ளூர் ஒப்பந்தக்காரர் போட்டியிடவே முடியாது.

இதைக் கண்காணிக்க வேண்டிய தேசிய பெறுகை ஆணைக்குழு 2015 இல் 19 ஆவது திருத்தத்தால் உருவானது. 2020 இல் 20 ஆவது திருத்தத்தால் நீக்கப்பட்டது. 2022 இல் 21 ஆவது திருத்தத்தால் மீண்டது. அரசியல் காற்றுக்கேற்ப காவலாளியை மாற்றினால் களஞ்சியம் என்னாகும்? தரமற்ற இம்யூனோகுளோபியூலின் மருந்துக் கொள்வனவு தொடர்பில் முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைதானதை நாடே பார்த்தது. 2023 இல் சர்வதேச நாணய நிதியமும் பெறுகைக்கெனத் தனிச்சட்டம் தேவை என வலியுறுத்தியது.

இது எமக்குத் தூரத்து விவகாரமல்ல. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, திரும்பி வந்தும் வீடின்றி இருக்கும் எம் குடும்பங்களுக்கு, கூடிய விலையில் கைச்சாத்தாகும் ஒவ்வொரு ஒப்பந்தமும் காத்திருப்பை நீட்டுகிறது. வீட்டுப் பட்டியலில் எமது பெயர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. ஒரு வீட்டுக்கு எவ்வளவு, யார் மதிப்பிட்டார், எத்தனை பேர் விலை கோரினர் என்றும் கேட்க வேண்டும். 2016 இன் தகவலறியும் உரிமைச் சட்டம் அதற்கு வழி தந்திருக்கிறது.

அளவையில் குறைப்போரை எச்சரிக்க ஒரு சூராவே அருளப்பட்ட சமூகம் நாம். அந்தத் தராசு சந்தைக்கு மட்டுமல்ல, அமைச்சுக்கும் பொருந்தும். எமது பள்ளிவாசல் நிர்வாகங்களின் கட்டட வேலைக்கும் பொருந்தும்.