ஒரே குடும்பம் என்னும் ஏமாற்று

"எம் தொழிலகத்தில் முதலாளி, தொழிலாளி என்னும் வேறுபாடே இல்லை, யாவரும் ஒரே குடும்பம்!" குடும்பத் தொழில் நடத்துவோர் பொங்கல் நாளிலும் ஆண்டு விழாவிலும் தவறாது முழங்கும் பேச்சு இது. குடும்பம் எனின் பங்கு உண்டன்றோ? பங்கு கிடக்கட்டும்; உயிர்க்குக் காவலேனும் உண்டன்றோ?

சிவகாசியைப் பாருங்கள். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். மழை பொய்த்த கரிசற் காட்டிற்கு அவர்கள் கொணர்ந்த பிழைப்பு, பின்னர்ப் பட்டாசாகவும் அச்சாகவும் கிளைத்தது. வடவர் முதலையும் வெள்ளையர் முதலையும் எதிர்பாராது தமிழ்க் குடும்பங்கள் தம் கையூன்றி எழுந்த வரலாறு அது. அம்முயற்சியைப் பழிப்பவன் நன்றி கொன்றவனே.

ஆயின், அம் மண்ணிலேதான் 2012 செப்தம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் முப்பதின்மர்க்கு மேல் வெந்து மாண்டனர். 2021 பிப்புருவரி 12-ஆம் நாள் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் மீண்டும் இருபதின்மர்க்கு மேல்! இவற்றை ஊழ்வினை என்று கைகழுவுதல் கயமை. ஏது வெளிப்படை. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகளோ உள்குத்தகையாகப் பலர் கைக்குப் போகும். குத்தகைக்காரன் போட்ட பணத்தைத் தீபாவளிக்குள் எடுக்கத் துடிப்பான். நால்வர் இருக்க வேண்டிய அறையில் ஆள் நெருக்கம். இடம் போதாவிடின் மரத்தடியிலும் மருந்து செலுத்தும் வேலை. எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் கை ஓயாது. ஓர் அறையில் பற்றிய தீ அடுத்த அறைக்குத் தாவ நொடியே போதும். வெடித்தபின் உரிமக்காரர் உரைப்பது என்ன? "அவர்கள் என் ஆள்கள் அல்லர், குத்தகைக்காரனின் ஆள்கள்!" நேற்றுவரை ஒரே குடும்பம்!

சிவகாசிச் சிறுவர் உழைப்பைப் பற்றிய வழக்கில், 1996 திசம்பர் 10-இல் தில்லித் தலைமை முறைமன்றம், இடர்மிக்க வேலையில் அமர்த்திய ஒவ்வொரு சிறுவர்க்கும் முதலாளி 20,000 உருபா செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. தம் பிள்ளையைப் பள்ளிக்கும் பிறர் பிள்ளையைத் தீப்பெட்டிக்கும் விடுத்தவரிடம் குடும்பப் பாசத்தைத் தீர்ப்பெழுதியா பிடுங்க வேண்டும்?

2013-ஆம் ஆண்டின் குழுமச் சட்டம், பெருங்குழுமங்கள் தம் மூவாண்டு நிகர ஈட்டத்தைக் கூட்டி வகுத்ததில் 2 விழுக்காட்டைக் குமுகப் பொறுப்பிற்குச் செலவிட வேண்டும் என்கிறது. தம் தொழிலாளர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் மட்டுமே பயன்படும் செலவு அக்கணக்கில் சேராது. சேராமையே முறை; உழைத்தவனுக்குக் கொடுப்பது கடன், கொடையன்று. இதனை உணராத செல்வர், கோயிலுக்கு விளக்கும் பள்ளிக்குக் கட்டடமும் தந்துவிட்டுத் தம் பொறுப்பு முடிந்ததெனக் கருதுகின்றனர். அவை நற்பணிகளே, ஆனால் எவன் கூலியில் குறைத்த பணம் அது?

இக்காலத்தார் இதற்கு 'மாந்தவள மேலாண்மை' என்று பெயரிட்டு வகுப்பு நடத்துகின்றனர். நிலக்கரி வளம், ஆற்றுநீர் வளம். அவ்வரிசையில் ஆளும் ஒரு வளமாம்! அள்ளும்வரை அள்ளிப் பின் குழியை விட்டகல்வது கரிச்சுரங்கத்தின் வழக்கம். அவ்வழக்கத்தில் எந்தத் தொழில் மூன்று தலைமுறை நிற்கும்? கருகிய கையுடைய தாய், தன் மகளை அதே அறைக்கு அனுப்புவாளா?

உள்குத்தகை ஒழிய வேண்டும். ஒவ்வொருவர்க்கும் வைப்புநிதியும் மருத்துவ ஈட்டுறுதியும் முதலாளியின் கணக்கிலேயே எழுதப்பட வேண்டும். கோயிற் கற்பலகையில் கொடையாளர் வீட்டுப் பேரப்பிள்ளைகள்வரை பெயர் வெட்டப்பட்டுள்ளது. மருந்தறையில் இருப்பவளின் பெயர் வருகைப் பதிவேட்டிலேனும் உள்ளதா?