ஆபத்து என்கிற பெயரில் அடைக்கப்படும் கதவு

'எக்ஸ்ரே டெக்னீசியன் தேவை, ஆண்கள் மட்டும்.' தனியார் ஸ்கேன் சென்டர்களின் விளம்பரங்களில் இந்த வரி சர்வசாதாரணம். காரணம் கேட்டால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். ஒன்று, கதிர்வீச்சு பெண்களுக்கு ஆபத்து. மற்றொன்று, இரவுப் பணி பெண்களுக்கு ஒத்துவராது. இரண்டுமே அக்கறையின் குரலில் பேசப்படும் பாகுபாடு.

கதிர்வீச்சை எடுத்துக்கொள்வோம். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஊழியர்களுக்கு விதித்துள்ள வரம்பு இரு பாலருக்கும் ஒன்றுதான்: ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓராண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. ஒரு பெண் தன் கர்ப்பத்தைத் தெரிவித்த பிறகு, கருவின் மீது படும் அளவு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது. கர்ப்பத்தைத் தெரிவித்ததையே வேலையை விட்டு விலக்கக் காரணமாக்கக் கூடாது என்று சர்வதேச அணுசக்தி முகமையின் பாதுகாப்பு நெறிகள் சொல்கின்றன. எக்ஸ்ரே கதிரே பயன்படாத எம்ஆர்ஐ பிரிவுக்குச் சில மாதங்கள் மாற்றினால் போதும். அந்தச் சில மாத ஏற்பாட்டைத் தவிர்க்கத்தான் வேலையே மறுக்கப்படுகிறது. ஆணின் விரைகளையும்தான் கதிர்வீச்சு பாதிக்கும். அதற்காக எந்த ஆணையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. ஈயக் கவசம் கொடுக்கிறார்கள்.

அந்தக் கவசமும் பெரும்பாலும் ஆண் உடலுக்கு அளவெடுத்ததுதான். பெண்கள் அணிந்தால் அக்குள் பக்கம் இடைவெளி விழுகிறது. மார்பகப் புற்றுநோய் அதிகம் தோன்றும் மேல் வெளிப்பகுதி அந்த இடைவெளியை ஒட்டியே இருக்கிறது. அக்கறை உண்மையானால் முதலில் சரியான அளவில் கவசம் வாங்கட்டும்.

அடுத்தது இரவுப் பணி. அதே மருத்துவமனையில் செவிலியர்கள் விடிய விடிய வேலை செய்கிறார்கள். ரத்தம் தோய்ந்த பஞ்சை அள்ளி, தரையைக் கழுவும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். அவர்களின் இரவைப் பற்றியோ கருப்பையைப் பற்றியோ எவரும் கவலைப்பட்டதில்லை. ஆக, இங்கே அளவுகோல் ஆபத்து அல்ல. வேலைக்கு இருக்கும் மதிப்பும் சம்பளமும்தான். இழிவாகக் கருதப்படும் வேலைக்குப் பெண் உடல் தடையில்லை, திறன் வேலைக்கு மட்டும் தடை என்பது சாதியம் நமக்குப் பழக்கிய தர்க்கம்.

பெண்ணால் முடியாது என்பதும் பொய். முதல் உலகப் போரில் மேரி கியூரி சுமார் 150 பெண்களுக்குப் பயிற்சி அளித்து எக்ஸ்ரே பணிக்கு அனுப்பினார். இன்றும் மேமோகிராம் எடுக்க மட்டும் பெண்ணைத் தேடுகிறார்கள். சிடி, கேத் லேப் அனுபவம் கிடைக்காமல் அந்த ஒரே அறைக்குள் நிறுத்தப்படுபவருக்குப் பதவி உயர்வு எப்படி வரும்?

இட ஒதுக்கீட்டின் வழியாக அரசுக் கல்லூரியில் ரேடியோகிராபி படித்து வெளியே வரும் முதல் தலைமுறைப் பெண்ணுக்குச் சொந்தமாக ஸ்கேன் சென்டர் வைக்க நிலமோ பணமோ இல்லை. அவளிடம் இருப்பது அந்தச் சான்றிதழ் மட்டுமே. 'ஆண்கள் மட்டும்' என்ற இரண்டு சொற்கள் அதையும் செல்லாக்காசாக்குகின்றன.

ஆள்சேர்ப்பில் பால் பாகுபாட்டை 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே தடை செய்தது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அந்தத் தடை இருக்கிறது. தொழிலாளர் துறை இத்தகைய விளம்பரங்களின் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும். சம்பளக் குறைப்பில்லாத மாற்றுப் பணியும், பொருந்தும் கவசமும், இரவில் வீடு சேர்க்கும் வாகனமும் நிர்வாகத்தின் கடமையாக்கப்பட வேண்டும்.

தரையைக் கழுவும் பெண்ணுக்கு இரவு பாதுகாப்பானது என்றால், படம் எடுக்கும் பெண்ணுக்கும் அது பாதுகாப்பானதே. இல்லையென்றால் இருவருக்கும் பாதுகாப்புக் கொடுங்கள்.