காரைக்குடியும் பாலைவன உப்பும்

அர்ஜென்டினா தேசத்துக் கட்டமார்க்கா மாகாணத்தில் ஐந்து உப்பு நிலப் பகுதிகளில் லித்தியம் தேடி எடுக்கும் உரிமையை, இந்திய சர்க்கார் நிறுவனமாகிய 'காபில்' 2024 ஜனவரியில் ஒப்பந்த மூலம் பெற்றது. அவற்றின் பரப்பு 15,703 ஹெக்டேர். அத்தூர தேசத்துப் பாலைக்கும் செட்டிநாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று வினவுவோர் இருக்கலாம். நெருங்கிய சம்பந்தமே உண்டு.

ஆண்டீஸ் மலைப் பாலைகளில் உப்புத் தரையின் கீழ் அடர்ந்த உவர்நீர் தேங்கிக் கிடக்கிறது. சிலி தேசத்து அட்டகாமாவில் அதை இறைத்து ஆழமற்ற பாத்திகளில் பரப்புகிறார்கள். வெயிலும் காற்றும் நீரை வற்றச் செய்ய, முதலில் சாதாரண உப்பும், பின்னர் பொட்டாஷ் உப்புகளும் படிகின்றன. ஓராண்டுக்கு மேல் சென்றபின் எஞ்சும் நீரில் லித்தியம் செறிகிறது. அதைச் சுத்தி செய்து சோடாக் காரம் சேர்த்தால், லித்தியம் கார்பனேட் வெண்பொடியாகப் பிரிகிறது. தூத்துக்குடி உப்பளங்களைக் கண்டவர்களுக்கு இம்முறையின் முற்பகுதி புதிதன்று.

அந்த வெண்பொடியே மின்சார வண்டிகளின் மின்கலத்துக்கு ஆதாரம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லக்ஷம் ரூபாயும் ஈந்ததன் பயனாக, காரைக்குடியில் மத்திய மின் ரசாயன ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948 ஜூலை 25-ல் பண்டித நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தார். லித்தியம் அயனி மின்கலம் செய்யும் முறையை அந்நிலையத்தார் வகுத்து, 2018 ஜூனில் தனியார் கம்பெனி ஒன்றுக்கு அதை அளிக்க ஒப்பந்தமும் செய்தனர்.

ஆகவே, ஒரு முனையில் உப்பு நிலம் இருக்கிறது. மறு முனையில் மின்கல ஞானம் இருக்கிறது. இடையே வேண்டிய சுத்திகரிப்புத் தொழிலோ, உலகில் பெரும்பாலும் சீனாவின் கையில் இருக்கிறது. பருத்தியைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டுத் துணியை விலைக்கு வாங்கிய காலத்தை நாம் மறந்துவிடவில்லை. அந்நிய மண்ணில் உவர்நீரை இறைத்து, மற்றோர் அந்நியரிடம் சுத்தி செய்யக் கொடுத்து, மின்கலமாக விலைக்கு வாங்குவது அதனினும் பெரிய பேதைமையாகும். ஜம்மு காஷ்மீரத்து ரியாசியில் 59 லக்ஷம் டன் லித்தியத் தாது இருப்பதாக 2023 பிப்ரவரியில் அறிவித்தார்கள். ஏலம் கேட்கப் போதிய பேர் வராமையால் 2024-ல் அந்த ஏலம் ரத்தாயிற்று. மண்ணில் இருப்பது வேறு, கைக்கு எட்டுவது வேறு.

நீதி ஒன்றும் இங்கே உண்டு. உவர்நீரை இறைப்பதால் தங்கள் நீர்வளம் குன்றுகிறதென்று அட்டகாமாவின் பூர்வ குடிகள் முறையிட்டு வருகின்றனர். 1930-ல் ராஜாஜி தலைமையில் வேதாரண்யம் சென்று உப்பெடுத்த மக்கள் நாம். பிறர் உப்பு நிலத்தில் கால் வைக்கும்போது அந்நிலத்தாரின் குறையைக் கேட்க, வேறெவரையும்விட நாம் கடமைப்பட்டவர்கள்.

சர்க்கார் செய்ய வேண்டியவை மூன்று. சுத்திகரிப்பு ஆலையை இத்தேசத்திலேயே நிறுவ வேண்டும். காரைக்குடி ஆராய்ச்சிக்குத் தாராளமாகப் பொருள் அளிக்க வேண்டும். சாதாரண உப்பில் உள்ள சோடியத்தைக் கொண்டு மின்கலம் செய்யும் முயற்சியைத் துரிதப்படுத்த வேண்டும். அம்மின்கலம் எடையில் சற்று மிகுதியாயினும், அதற்கு வேண்டிய உப்பு நம் கடற்கரையிலேயே விளைகிறது. நிலம் வாங்கியதோடு காரியம் முடிந்ததென்று அதிகாரிகள் ஓய்ந்துவிடலாகாது.