தாங்களே பாத்ரூம் கட்டும் தம்பதிகளும் நம் கல்லாவும்



ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையைப் பாதி திறந்து வைத்திருப்பது என் பழக்கம். முன்பெல்லாம் அந்த நேரத்தில் வருகிறவர் கொத்தனார். கையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். இப்போது வருவது புருஷனும் பெண்டாட்டியுமாக. அவர் மில்லில் இரவு ஷிப்டு முடித்து நேரே வந்திருப்பார். அந்த அம்மா சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறிக்குப் போகிறவராக இருப்பார். செல்போனில் ஒரு படத்தைக் காட்டி, "அண்ணாச்சி, இதே மாதிரி நாங்களே போட்டுக்கிடப் போறோம், கம்மியா என்ன ஆகும்?" என்பார்கள்.

இவர்களைக் குறை சொல்ல முடியாது. கொத்தனார் கூலி நாளுக்கு ஆயிரத்தைத் தாண்டிவிட்டது, சித்தாள் கூலி தனி. ஐந்துக்கு நாலு பாத்ரூம் என்றால் நல்ல கொத்தனார் ஒப்புக்கொள்வதே இல்லை. பெரிய வேலைக்குப் போய்விடுகிறார். கிராமங்களிலோ, 2014-இல் தொடங்கிய தூய்மை பாரத இயக்கத்தில் 12,000 ரூபாய் வாங்கிக் கழிப்பறை கட்டியவர்கள், அதன் பக்கத்திலேயே குளிக்கவும் ஒரு இடம் வேண்டும் என்று இப்போது நினைக்கிறார்கள். கையில் கொஞ்சம் சேமிப்பு, வாரத்தில் ஒரு நாள் லீவு. வேறென்ன செய்வார்கள்?

நம்மில் பலர் இவர்களை, "ஒரு பெட்டி வாங்க ஒரு மணி நேரம் கேள்வி கேட்கிறவர்கள்" என்று சலித்துக்கொள்கிறோம். நானும் சலித்துக்கொண்டவன்தான். சலிப்பில் செய்த ஒரு காரியத்தை இங்கே எழுதியாக வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். குடோனில் சுவருக்குப் போடும் பளபளப்பு டைல்ஸ் பதினோரு பெட்டி தேங்கிக் கிடந்தது. தரைக்கும் இதையே போடலாமா என்று அந்தப் பெண் கேட்டார். "போடலாம்மா, ஒரே கலரா அழகா இருக்கும்" என்றேன். விலையும் குறைத்தேன். சரக்கு போனதே என்று அன்று எனக்குச் சந்தோஷம். ஆறு மாதம் கழித்து அந்தத் தம்பி தனியாக வந்தார். அவருடைய தாயார் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். அவர் சண்டைக்கு வரவில்லை. சொரசொரப்பான டைல்ஸ் இருக்கிறதா என்று கேட்கத்தான் வந்தார். இருபது சதுர அடிக்கு எடுத்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தும் வந்தேன். அந்த அம்மா என்னிடம், "நீங்கதான் டைல்ஸ் கடை அண்ணாச்சியா? காபி குடிங்க" என்றார். அதைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

கொத்தனார் வந்து வாங்கிய காலத்தில், எது தரைக்கு, எது சுவருக்கு என்பது அவருக்குத் தெரியும். நாம் வாய் திறக்க வேண்டியதில்லை. இன்று அந்தத் தம்பதிக்கு வேலை தெரிந்த ஆள் நாம் ஒருவர்தான். நான் அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி.; கொத்து வேலை படித்தவனல்ல. ஆனாலும் நாற்பது வருஷம் கல்லாவில் உட்கார்ந்து கேட்டதை அவர்களுக்குச் சொல்லலாமே.

முதலில் கணக்கு. ஐந்துக்கு நாலு அறையில் நான்கு சுவரும் சேர்ந்து பதினெட்டு அடி நீளம். ஏழு அடி உயரத்துக்கு ஒட்டினால், கதவு போக ஏறத்தாழ 110 சதுர அடி. நாலடி உயரத்தோடு நிறுத்தி மேலே பெயிண்ட் அடித்தால் 62 சதுர அடி போதும். மிச்சமாகிற பணத்தை டைல்ஸுக்கு அடியில் போடச் சொல்லுங்கள். நல்ல குழாய், நீர்க்கசிவு தடுக்கும் பூச்சு, வாட்டம். வாட்டம்தான் உயிர். ஐந்தடிக்கு ஒரு அங்குலமாவது டிராப்பை நோக்கி இறங்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் மூலையில் தேங்கும், பாசி பிடிக்கும், வழுக்கும். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் டிராப்பைத் துணியால் அடைத்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. அதனால்தானோ என்னவோ யாரும் சொல்வதில்லை.

பி.ஏ.சி. ராமசாமி ராஜா காலம்தொட்டு இது சிமெண்ட் ஊர். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததை மூட்டை வாங்குகிற எல்லோரும் கேட்கிறார்கள். புதுப் பூச்சுக்கு ஏழு நாளாவது தண்ணீர் காட்ட வேண்டும் என்பதை யாரும் கேட்பதில்லை. சாதா செராமிக் சுவர் டைல்ஸைத் தண்ணீரில் ஊறப்போட்டுச் சிமெண்டில் ஒட்டலாம். விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீரை அநேகமாக உறிஞ்சுவதே இல்லை. அதற்கு ஒட்டும் பசை மாவு தனியாக வாங்க வேண்டும். இதைச் சொல்லாமல் விற்றால் மறு வருஷம் டைல்ஸ் கழன்று விழும், நம் கடைப் பெயரும் கூடவே விழும்.

இரண்டு வேலைகளைத் தாங்களே செய்யக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். ஹீட்டர் வயரிங்குக்கு லைசென்ஸ் உள்ள வயர்மேன் வர வேண்டும். செப்டிக் டேங்கில் எவரும் எந்தக் காரணத்துக்கும் இறங்கக் கூடாது. உள்ளே இருக்கும் வாயு ஆளைக் கொல்லும்.

பலசரக்குக் கடை அன்பர்கள் இதில் நமக்கென்ன என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். வேலை முடிந்ததும் டைல்ஸில் ஒட்டிய சிமெண்ட் கறையைப் போக்க அவர்கள் உங்களிடம்தான் ஆசிட் பாட்டில் வாங்க வருகிறார்கள். போர் தண்ணீர் உப்புப் படிந்தால் மாதா மாதம் வருகிறார்கள். ஆசிட், டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமெண்டையும் சேர்த்துத் தின்றுவிடும். பிறகு தண்ணீர் அடியில் இறங்கும். நான் மேலே எழுதியதெல்லாம் வீண். அதைவிடப் பெரிய ஆபத்து, அதே பையில் பிளீச்சிங் பவுடரும் போவது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். நாலடி அகல அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, குனிந்து தேய்க்கிற பெண்ணின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

மேலும், ஆசிட் வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்த்து, பெயர், முகவரி, காரணம் எல்லாம் பதிவேட்டில் எழுத வேண்டும், பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவருக்கு விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் உத்தரவிட்டது. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் எத்தனை கடையில் அந்த நோட்டு இருக்கிறது என்பது நமக்குள் தெரிந்த விஷயம்.

அடுத்த கூட்டத்தில் இரண்டு தீர்மானம் கொண்டுவர விரும்புகிறேன். ஆசிட் நோட்டைச் சங்கமே அச்சடித்து உறுப்பினர்களுக்குக் கொடுக்க வேண்டும்; அதன் அட்டையில் பிளீச்சிங் பவுடர் எச்சரிக்கையும் இருக்கட்டும். இரண்டாவது எங்கள் டைல்ஸ், ஹார்டுவேர் கடைக்காரர்களுக்கு: பெட்டியாகத்தான் தருவோம் என்ற பிடிவாதத்தை விட்டு, சிறு வேலைக்கு எண்ணிக் கொடுப்பது, உடையாமல் மீந்ததைத் திரும்ப எடுப்பது. என் கடையில் ஆவணி முதல் செய்து வருகிறேன். நஷ்டம் வரும் என்று என் மகன் சொன்னான்; இதுவரை திரும்பி வந்தது ஒன்பது டைல்ஸ்.