பல்லைக் கடிக்காமல் மலை ஏற



மலைப்பாதைச் சிறப்பிதழ் வரப்போகிறது என்று சொன்னதுமே கடிதங்கள் வந்து குவியத் தொடங்கிவிட்டன. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் எங்கே நிழல் இருக்கும், வால்பாறையின் 40 வளைவுகளைக் காலை வெயிலுக்கு முன் முடிக்க முடியுமா, கொல்லிமலையின் 70 வளைவுகளுக்குத் தண்ணீர் எவ்வளவு எடுத்துப்போக வேண்டும் என்று விதவிதமான கேள்விகள். ஆனால் பல கடிதங்கள் ஒரே இடத்தில் வந்து முடிகின்றன. “சமவெளியில் ரோடு பைக் பறக்கிறது. மலையில் மட்டும் பாதியில் இறங்கித் தள்ளுகிறேன். எனக்குத் தெம்பு போதவில்லையா, வயதாகிவிட்டதா?”

உடம்பைக் குறை சொல்லும் முன் உங்கள் சைக்கிளின் பற்களை எண்ணிப் பாருங்கள். பெடலோடு சுழலும் செயின்ரிங்குகளில் சின்னதற்கு எத்தனை பல், பின்சக்கரத்து காசெட்டில் பெரியதற்கு எத்தனை பல்? இந்த இரண்டு எண்கள் போதும். முன்பல்லைப் பின்பல்லால் வகுத்தால், பெடல் ஒருமுறை சுற்றும்போது பின்சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்பது கிடைத்துவிடும்.

ஒரு கணக்குப் போடுவோம். ஓட்டுபவர் 70 கிலோ, சைக்கிளும் தண்ணீரும் பையும் 12 கிலோ. ஆக 82 கிலோ. ஏற்றம் 8 சதவீதம். நீலகிரி மலை ரயிலுக்குக் கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்தண்டவாளம் போட வேண்டிவந்ததே, அந்தப் பாதையின் உச்சச் சரிவு 12க்கு 1, அதாவது 8 சதவீதத்துக்குச் சற்று மேல். ஆக, ரயில் எஞ்சினே பல்லைப் பிடித்துக்கொண்டு ஏறும் சரிவு இது. இதில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பழைய பந்தய சைக்கிள்களின் 39க்கு 25 என்ற அமைப்பில் அந்த மிதிக்கு வேகம் மணிக்கு 11.8 கி.மீ. அதைத் தாங்க ஏறத்தாழ 230 வாட் தேவை. இன்று கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 34க்கு 28இல் 9.2 கி.மீ., சுமார் 180 வாட். 34க்கு 34இல் 7.6 கி.மீ., சுமார் 145 வாட்.

சாலையும் ஆளும் மாறவில்லை, மிதிக்கும் தாளமும் மாறவில்லை. பல் மட்டும் மாறியதில் 85 வாட் குறைந்துவிட்டது. ஒரு மணி நேரம் தொடர்ந்து 230 வாட் கொடுப்பது நன்றாகப் பயிற்சி எடுத்தவருக்கே கடினம். 145 வாட், வாரம் சில நாள் ஓட்டும் பலருக்கும் எட்டுகிற அளவு. பழைய 39க்கு 25இல் அதே 145 வாட்டோடு ஏற முயன்றால் பெடல் நிமிடத்துக்கு 40 சுற்றுக்கும் கீழே விழுந்துவிடும். ஒவ்வொரு மிதியும் முழங்காலை அழுத்தும், சற்றைக்கெல்லாம் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

எடை குறைந்த சைக்கிள் வாங்கலாமா என்றும் சிலர் கேட்டிருந்தீர்கள். பல ஆயிரம் செலவழித்து ஒரு கிலோவைக் குறைத்தால் 82இல் ஒன்று குறையும். பின்பல் 28ஐ 34 ஆக்கினால் ஒவ்வொரு மிதிக்கும் வேண்டிய அழுத்தம் ஆறில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. இதற்கு ஆகும் செலவு ஒரு காசெட், பெரும்பாலும் ஒரு செயின், சில சமயம் செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் ஒரு டீரேலர். முதலில் எதற்குக் காசு எடுப்பது என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

இருந்தும் பலருக்கு மனம் வருவதில்லை. சின்ன கியர் என்றால் ஏதோ தோல்வியை ஒப்புக்கொண்டதுபோல ஒரு கூச்சம். இந்தக் கூச்சத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது; அதை வளர்த்ததில் ஒரு பத்திரிகை ஆசிரியருக்குப் பெரும் பங்கு உண்டு என்பதால் இந்தப் பக்கத்தில் அதைச் சொல்வது என் கடமை. பிரான்சின் ‘லோட்டோ’ இதழின் ஆசிரியர் ஆன்றி தேக்ரான்ஜ், 1903இல் டூர் த பிரான்சைத் தொடங்கிவைத்தவர். கியர் மாற்றுவதெல்லாம் 45 வயதைத் தாண்டியவர்களுக்கு, வெற்றி தசையால் வர வேண்டும் என்று 1902இலேயே எழுதியவர். தன் பந்தயத்தில் வீரர்கள் டீரேலர் பூட்ட அவர் இடம் தரவில்லை. மலையடிவாரம் வந்ததும் வீரர்கள் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, மறுபக்கத்துப் பல்லில் ஏறினார்கள். டூரில் டீரேலர் அனுமதிக்கப்பட்டது 1937இல்தான். தேக்ரான்ஜ் பொறுப்பிலிருந்து விலகிய பிறகு.

அவரை எதிர்த்து எழுதியவரும் ஓர் ஆசிரியர்தான். செந்த் எத்தியென் நகரிலிருந்து ‘ல சிக்லீஸ்த்’ இதழை நடத்திய போல் த விவி, வாசகர்களுக்கு வெலோசியோ. ஊருக்கு வெளியே உள்ள 1,161 மீட்டர் உயரக் கணவாய்தான் அவருக்குச் சோதனைக்கூடம். பல கியர்களைத் தானே பூட்டி ஏறிப் பார்த்து, பார்த்ததை எழுதினார். சைக்கிள் என்பது பந்தய வீரனுக்கு மட்டுமல்ல, ஊர் சுற்றுகிற சாதாரண மனிதனுக்கும்தான் என்பது அவர் கட்சி. இன்று அந்தக் கணவாயில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. தேக்ரான்ஜுக்கும் கலிபியே கணவாயில் ஒன்று உண்டு. ஆனால் அதைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு சைக்கிளிலும் வெலோசியோவின் கட்சிதான் ஜெயித்திருக்கிறது. பந்தய வீரர்களுக்கென்று ஷிமானோ செய்யும் டூரா-ஏஸ் 2021இல் 12 வேகமாக மாறியபோது, 11–34 காசெட்டும் அதோடு வந்தது. உலகின் தலைசிறந்த கால்களுக்கே 34 பல் தேவைப்படும்போது நமக்கு என்ன கூச்சம்?

மாற்ற முடிவு செய்தவர்கள் கடைக்குப் போகும் முன் சிலவற்றைக் கவனியுங்கள். முதலில் டீரேலர். எல்லா டீரேலரும் பெரிய பல்லை ஏற்காது. எடுத்துக்காட்டாக, ஷிமானோ 105 ஆர்7000 வரிசையில் ஷார்ட் கேஜ் (உருளைகளைத் தாங்கும் சட்டம் குட்டையானது) உள்ளது 30 பல் வரைக்கும்தான். நீளமான கேஜ் உள்ளது 34 வரை போகும். அது சுருட்டிக்கொள்ளும் செயினுக்கும் அளவு உண்டு. 50/34 செயின்ரிங்கோடு 11–34 காசெட் என்றால் முன்னால் 16, பின்னால் 23, கூட்டினால் 39 பல் வித்தியாசம். அந்த நீளக் கேஜின் எல்லையும் சரியாக 39தான்.

அடுத்து செயின். பெரிய செயின்ரிங், பெரிய பின்பல் இரண்டிலும் ஒரே நேரத்தில் விழுந்தாலும் செயின் எட்ட வேண்டும். எட்டாவிட்டால் டீரேலரைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். பழைய செயினை அப்படியே போட்டுத் தருகிறேன் என்று மெக்கானிக் சொன்னால், கையால் பெடலைச் சுற்றி இந்த ஒன்றை மட்டும் உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். டீரேலரின் மேல் உருளை புதிய பல்லில் உரசாமல் பி-டென்ஷன் திருகைச் சரிசெய்வதும் மறக்கக் கூடாத வேலை. ஷிமானோவின் 11 வேக 11–34 காசெட்டை 11 வேக ரோடு ஹப்பில் மாட்டும்போது 1.85 மி.மீ. வளையம் ஒன்று உள்ளே போட வேண்டும். விட்டுவிட்டால் காசெட் ஆடும்.

இதில் இழப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். 11 வேக 11–28 காசெட்டில் 11 முதல் 15 வரை ஒவ்வொரு பல்லாக ஏறும். 11 வேக 11–34இல் 12உம் 14உம் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிர்காற்றில் குழுவாக ஓட்டும்போது அந்த இடைவெளி காலுக்குத் தெரியும். அது பிடிக்காதவர்கள் முன்பக்கத்தை மாற்றலாம். 46/30 செயின்ரிங் போட்டால் ஏற்றத்துக்கு 30 பல் கிடைக்கும். வேகம் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம்: 46க்கு 11இல் நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 47 கி.மீ. வரும். அதற்கு மேல் நாம் போவது பெரும்பாலும் இறக்கத்தில். அங்கே மிதிப்பதைவிட பிரேக் மேல் விரல் இருப்பதே நல்லது.

உங்கள் சைக்கிளின் முன்பல், பின்பல் எண்ணிக்கை, டீரேலரின் பெயர், ஏற ஆசைப்படும் மலை, இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். எந்தப் பல் பொருந்தும் என்று அடுத்த இதழில் கணக்குப் போட்டுச் சொல்கிறோம். 45 வயது ஆகாதவர்களும் தாராளமாக எழுதலாம்.

அன்புடன்,
ஆசிரியர்