பிள்ளை பிறந்ததும் போய்விடுகிறதா இனிப்பு நீர்?

சென்ற மாதம் பள்ளி விட்டுப் புறப்படும் வேளையில், இரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாயார் வந்து நின்றார். அவர் மறுபடியும் கர்ப்பமாக இருக்கிறார்.

"டீச்சர், வெறும் வயித்தோட வந்து சீனித்தண்ணி குடிக்கணும்னு கிளினிக்குல சொல்றாங்க. ஒருநாள் சம்பளம் போயிரும். மொதப் பிள்ளைக்கும் இனிப்பு நீர் இருந்துச்சு. பொறந்ததும் தானா போயிருச்சு. இப்போ எதுக்கு டீச்சர்?" என்று கேட்டார்.

அவருக்குச் சொன்ன பதிலை எல்லாத் தாய்மார்களுக்குமாக இங்கே எழுதுகிறேன்.

நாம் உண்ணும் சோறும் ரொட்டியும் சீனியாகி இரத்தத்தில் கலக்கின்றன. அந்தச் சீனியை உடம்புக்குள் செலுத்துவது கணையத்தில் சுரக்கும் இன்சுலின். கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடியில் ஊறும் சில சுரப்புநீர்கள் இன்சுலினின் வேகத்தை மட்டுப்படுத்துகின்றன. கணையம் கூடுதலாக உழைத்து ஈடுகட்ட வேண்டும். முடியாத தாய்க்கு இரத்தத்தில் சீனி ஏறுகிறது. அது பிள்ளைக்கும் போகிறது. பிள்ளை அளவுக்கு மீறிக் கொழுத்து வளர்கிறது. பிரசவம் சிரமமாகலாம்.

என் தாயாரும் பால்மரம் வெட்டியவர்தான். என் தம்பி பிறந்தபோது எடை நாலரைக் கிலோ. லயமே கூடி நின்று "ராஜாப் பிள்ளை" என்று கொண்டாடியது. அம்மாவுக்குச் சீனி இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, காலில் ஆறாத புண் வந்து ஒரு விரலை எடுத்த பிறகுதான் இனிப்பு நீர் என்று தெரிந்தது. அந்த நாலரைக் கிலோதான் முதல் எச்சரிக்கையோ என்று இன்று எனக்குத் தோன்றுகிறது.

இப்படி நினைக்கக் காரணம் உண்டு. 1964-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஓ'சல்லிவன் என்ற மருத்துவர் 752 கர்ப்பிணிகளுக்குச் சீனித்தண்ணீர் கொடுத்துச் சோதித்த கணக்கை வெளியிட்டார். பிற்காலத்தில் எந்தத் தாய்க்கு இனிப்பு நீர் வரும் என்று முன்கூட்டியே அறிவதே அவர் நோக்கம். ஆக, இந்தச் சோதனை பிள்ளைக்காக மட்டும் பிறந்ததல்ல, தாய்க்காகவும் பிறந்தது.

இதை ஏழைத் தாய்மாருக்கு எட்டும்படி செய்தவர் சென்னை மருத்துவர் வீ. சேஷய்யா. கிராமத்துப் பெண்ணைப் பட்டினியோடு வரச் சொன்னால் அவள் திரும்பி வரமாட்டாள் என்பதை அவர் அறிந்திருந்தார். சாப்பிட்டுவிட்டு வந்தாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒருமுறை இரத்தம் எடுத்தால் போதும் என்றார். அளவு 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும். நம் கிளினிக் கணக்கில் அது 7.8. அவர் குழு தமிழ்நாட்டில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைச் சோதித்தபோது, நகரத்தில் நூற்றுக்கு 17.8 பேருக்கும் கிராமத்தில் 9.9 பேருக்கும் சீனி இருந்தது. 2007-ல் தமிழ்நாட்டு அரசு கர்ப்பிணிகள் அனைவருக்கும் இச்சோதனையைக் கட்டாயமாக்கியது.

நம் நாட்டுக் கிளினிக்குகளில் வெறும் வயிற்றோடுதான் வரச் சொல்கிறார்கள். அங்கே சொல்கிறபடியே செய்யுங்கள்.

சரி, பிள்ளை பிறந்ததும் இனிப்பு நீர் போய்விடுகிறதா? நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் பெரும்பாலோருக்குச் சீனி இறங்கிவிடும். ஆனால் கணையத்தின் பலவீனம் அப்படியே இருக்கிறது. கர்ப்பத்தில் இனிப்பு நீர் கண்ட பெண்களுக்குப் பிற்காலத்தில் அது நிலையாக வந்துவிடும் அபாயம், மற்றவர்களைவிட ஏழு மடங்கு என்று 2009-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னார்கள். இருதய நோய்க்கான அபாயமும் ஏறக்குறைய இரட்டிப்பு. 2019-ல் மலேசியாவில் எடுத்த தேசிய சுகாதார ஆய்விலோ, வயது வந்தோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு இனிப்பு நீர். அதிலும் இந்தியர்களிடம்தான் அதிகம்.

இதற்காகப் பயந்து சாக வேண்டாம். உணவைத் திருத்தி, எடையைக் குறைத்து, தினமும் நடந்த இத்தகைய தாய்மாருக்கு அந்த அபாயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததை அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. தாய்ப்பால் கொடுப்பதும் தாய்க்கே நன்மை. டின் பாலும் சீனியும் கொட்டிய தேநீரைக் குறையுங்கள். சோற்றைக் கொஞ்சமாகவும் கீரையைத் தாராளமாகவும் போட்டுக் கொள்ளுங்கள்.

முக்கியமான ஒன்று: பிரசவமாகி ஆறு வாரத்தில் மறுபடியும் சீனித்தண்ணீர்ச் சோதனைக்குப் போக வேண்டும். பத்தியம் முடியும் நாளோடு இதையும் சேர்த்து நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை இரத்தம் பாருங்கள். தோட்டத்தை விட்டுச் சிரம்பான் அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்ட சகோதரிகளுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

கணவன்மார்களே, மாமியார்களே, அன்று ஒருநாள் பிள்ளையை நீங்கள் பார்த்துக் கொள்ளுங்கள். அவளை அனுப்பி வையுங்கள்.

அந்தத் தாயார் மறுவாரம் போய் வந்தார். இரண்டு மணி நேரச் சோதனையில் 8.6 இருந்ததாம். "நல்லவேளை போனேன் டீச்சர்" என்றார். இப்போது சோற்றை அளந்து சாப்பிடுகிறார். தன் பெயருக்கு நேரே, பிரசவத்துக்குப் பின் வரும் ஆறாவது வாரத்தையும் என்னிடம் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.