பரணில் இருந்து இறங்கிய கிடாரும் ஒரு பழைய பொய்யும்

2018 ஜூன்ல நான் கிடாரைப் பரண்ல ஏத்தினப்போ எங்க எலவனாசூர்கோட்டை விழுப்புரம் மாவட்டத்துல இருந்தது. இந்தப் பொங்கலுக்கு இறக்கினப்போ கள்ளக்குறிச்சி மாவட்டம். 2019 நவம்பர்ல பிரிச்சாங்க. நடுவுல ஒரு மாவட்டமே பிறந்து நடக்க ஆரம்பிச்சுடுச்சு, நான் இன்னும் கிடார் உறையோட ஜிப்பைத் திறக்கலைன்னா பார்த்துக்கோங்க.

இப்பவும் நானா இறக்கல. பொங்கப்பானை தேடப் போன அம்மாதான் மேல இருந்து குரல் கொடுத்தாங்க. "டேய், இது இன்னும் இங்கதான் கெடக்கு. வேணுமா, பழைய சாமான்காரன்கிட்ட போட்டுடவா?"

வேணும்னு சொல்லிட்டேன். ஏன் சொன்னேன்னு தெரியல.

உறையை ஒரு ஓரத்துல எலி கடிச்சிருந்தது. கம்பி ஆறும் துரு. நெக் லேசா வில்லு மாதிரி வளைஞ்சிருந்தது. இதுல எலி மேல தப்பில்ல, என் மேலதான். ஸ்டீல் கம்பி போட்ட கிடார்ல ஆறு கம்பியும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ இழுவிசை இருக்கும். பரண்ல போடும்போது கொஞ்சம் தளர்த்தி வெச்சிருக்கணும். நான் முறுக்கினது முறுக்கினபடியே, எங்க ஊர் வெயில்ல, ஓட்டுக்குக் கீழ போட்டுட்டேன். ஏழு வருஷத்துக்கு மேல ஒரு ஆள் அதைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டே இருந்த மாதிரி.

எங்க ஊர் கடைவீதியில போர்வெல் மோட்டாருக்கு காயில் கட்டலாம், டிராக்டருக்கு பெல்ட் வாங்கலாம். கிடார் கம்பி கிடைக்காது. ஆன்லைன்ல போட்டேன். கூரியர்காரர் போன் பண்ணி, "சார், உளுந்தூர்பேட்டை வந்து வாங்கிக்கறீங்களா?"ன்னார். போனேன். நெக்குக்குள்ள ஓடற கம்பியை அலன் கீயால கால் சுத்து முறுக்கினதுல வளைவும் ஓரளவுக்கு சரியாச்சு.

இதெல்லாம் இல்ல விஷயம். உறையோட சின்னப் பையில ஒரு பிளெக்ட்ரம், ஒரு கேப்போ, கூடவே பழைய போனோட 2 ஜிபி மெமரி கார்டு ஒண்ணு இருந்தது. வந்தது வினை.

அதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 2015ல, காலேஜ் செகண்ட் இயர்ல வாங்கின கிடார் இது. மூணு வருஷம் ஹாஸ்டல் மொட்டை மாடியில ஒரே அமர்க்களம். 2018ல வேலை கிடைச்சு பொட்டி தட்டப் போயாச்சு. அதுக்கப்புறம் எனக்கு ஒரு கதை நல்லா பழகிடுச்சு. "காலேஜ்ல நல்லா வாசிப்பேங்க. வேலைக்கு வந்தப்புறம் நேரமே இல்ல." டீம் லஞ்ச்ல சொல்லியிருக்கேன், ரூம்மேட்கிட்ட சொல்லியிருக்கேன். அம்மா போட்டு வெச்சிருக்கிற கல்யாண ப்ரொஃபைல்ல கூட 'பொழுதுபோக்கு: கிடார்'னு இருக்கு.

மெமரி கார்டை லேப்டாப்ல போட்டேன். 2017ல பதிவு பண்ண ஆடியோ, மொத்தம் பதினொண்ணு. எல்லாமே இளைய நிலா. தமிழ்நாட்டுல கிடார் வாங்கினவன் தலையெழுத்து அதானே. நான் வாசிச்சது 1982ல 'பயணங்கள் முடிவதில்லை'க்காக ஆர்.சந்திரசேகர் வாசிச்சது இல்ல, சீனியர் ஒருத்தர் சொல்லிக் கொடுத்த சுலப வடிவம். அதுலயும் ஒரே ஒரு இடத்துல எஃப் பாரே கார்டு வரும். கிடார் தெரியாதவங்களுக்கு: ஆள்காட்டி விரல் ஒண்ணால ஆறு கம்பியையும் குறுக்கே அழுத்திப் பிடிக்கணும். புதுசா கத்துக்கறவங்க பாதிப் பேர் ஓடிப்போற இடம் அது.

பதினோரு ஆடியோ. பதினொண்ணும் அந்த எஃப் வர்ற இடத்துல 'பொத்'துன்னு நிக்குது. நின்னு, மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்குது. மறுபடி பொத். போதாக்குறைக்கு, தெரிஞ்ச இடத்துல எல்லாம் ரயிலைப் பிடிக்கப் போற மாதிரி வேகம்.

ஆக, நான் நல்லா வாசிச்சுக்கிட்டு இருந்து நேரமில்லாம விடல. ஒரு இடத்துல மாட்டிக்கிட்டு, தாண்ட முடியாம, வேலை கிடைச்ச சாக்குல நைசா கழண்டுக்கிட்டேன்.

நேரம்னு வாதாட இன்னும் ஆசை இருந்தா அதுக்கும் சாட்சி இருக்கு. 2020 மார்ச்ல லாக்டவுன். வருஷத்துக்கும் மேல எலவனாசூர்கோட்டை வீட்லயே உட்கார்ந்து ஆணி புடுங்கினேன். பஸ் இல்ல, டிராஃபிக் இல்ல. கிடார் என் தலைக்கு மேல ஆறடி உயரத்துல இருந்தது. ஒரு நாள் கூட ஸ்டூல் போட்டு ஏறல.

என்னை மட்டும் திட்டிக்கறேன்னு நினைக்காதீங்க. "நேரமில்லாம விட்டுட்டேன்"னு சொல்றவங்கள்ல பெரும்பாலானவங்க (வரைஞ்சவங்க, வீணை கத்துக்கிட்டவங்க, செஸ் ஆடினவங்க) ஏதோ ஒரு எஃப் கார்டுலதான் விட்டிருக்கோம்னு எனக்குத் தோணுது. திரும்பி வரும்போதும் அந்த இடத்தைச் சுத்திக்கிட்டுப் போய், தெரிஞ்ச பழைய பாட்டை ரெண்டு நாள் வாசிச்சுட்டு, 'டச் விட்டுப்போச்சு'ன்னு மறுபடி உறையில போட்டுடறோம். டச் எல்லாம் அப்படி ஒண்ணும் விட்டுப்போகாதுங்க.

ஜெர்மன்காரர் எபிங்ஹாஸ், 1885லயே தன்னையே எலியாக்கி இதைச் சோதிச்சுப் பார்த்திருக்கார். அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் பண்ணி, மறந்து, திரும்பப் படிச்சார். சுத்தமா மறந்துடுச்சுன்னு நினைச்சது கூட ரெண்டாவது தடவை முதல் தடவையை விட சீக்கிரம் ஏறிச்சு. எனக்கும் அப்படித்தான். சி, ஜி, ஏ மைனர் எல்லாம் ரெண்டே நாள்ல விரலுக்குத் தானா வந்துடுச்சு. போனது விரல் நுனித் தோல்தான். காய்ப்பு மொத்தமும் போய், எல்கேஜி பையன் கை மாதிரி இருந்தது. நாலாவது நாள் கீபோர்டைத் தட்டினாலே எரிச்சல்.

எங்க தெருவுல நாகஸ்வரம் வாசிக்கற பெரியவர் ஒருத்தர் இருக்கார். விரலைக் காட்டிப் புலம்பினேன். சிரிச்சுட்டு, "ஆடி மாசம் முகூர்த்தம் கிடையாது தம்பி. சும்மா இருந்துட்டு ஆவணியில சீவாளியை வாயில வெச்சா உதடு நிக்காது. ராகம் அங்கேயேதான் இருக்கும். அதனாலதான் ஆடியிலயும் சாயங்காலம் அரை மணி நேரம் ஊதறது"ன்னார். அவருக்கு ஒரு மாசத்துக்கே இந்தக் கதின்னா, நான் ஏழு வருஷத்துக்குப் புலம்பறது நியாயமே இல்ல.

பேட் மார்ட்டினோன்னு ஃபிலடெல்ஃபியாவுல ஒரு ஜாஸ் கிடாரிஸ்ட் இருந்தார். 2021ல காலமானார். 1980ல மூளையில ரத்தக்குழாய்க் கோளாறு, ஆபரேஷன். முழிச்சுப் பார்த்தா கிடார் வாசிச்சதே ஞாபகத்துல இல்ல. தான் முன்னாடி போட்ட இசைத்தட்டுகளையே கேட்டுக் கேட்டு, தன்கிட்ட இருந்தே திரும்பக் கத்துக்கிட்டு, 1987ல மறுபடி ஆல்பம் கொண்டு வந்தார். பேரு 'தி ரிட்டர்ன்'. அவர் தன்னோட பழைய இசைத்தட்டைக் கேட்டதுக்கும், நான் இந்த மெமரி கார்டைக் கேட்டதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அவருக்குக் கிடைச்சது பாடம், எனக்குக் கிடைச்சது பல்பு. ஆனா பழசை உள்ளபடியே கேட்காம அவராலயும் திரும்பி வந்திருக்க முடியாதுன்னு நினைக்கறேன்.

இன்னொரு தொல்லையும் இருக்கு. நாம வாசிக்காத வருஷங்கள்லயும் காது கேட்டுக்கிட்டேதான் இருந்திருக்கு. 'மூடுபனி'யில வர்ற என் இனிய பொன் நிலாவேயை காலேஜ்ல கேட்டப்போ கிடார் 'சூப்பரா இருக்கு', அவ்வளவுதான். இப்போ கேட்டா எங்க தட்டறாங்க, எங்க விடறாங்கன்னு கேட்குது. ராஜாவே முதல்ல கிடாரிஸ்ட், தன்ராஜ் மாஸ்டர்கிட்ட படிச்சவர்ங்கறது காதுக்கு உறைக்குது. இந்தக் காதோட என் வாசிப்பைக் கேட்டா அவ்வ்வ்வ். காது முப்பதை நெருங்கிடுச்சு, விரல் இன்னும் இருபதுலயே நிக்குது. திரும்பி வர்றவங்க ஒரே வாரத்துல விட்டுட்டு ஓடறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால மூணு வாரம் பாட்டே வாசிக்கல. தினம் கால் மணி நேரம் எஃப் மட்டும். மெல்லிய கம்பி போட்டு, சுருதியை அரை ஸ்தாயி இறக்கி (ஹிஹி, அரை சுரம், ஸ்தாயி இல்ல), விரலைப் பட்டையா வைக்காம பக்கவாட்டுல லேசா சாய்ச்சு, மெட்ரோனோம் 60ல. அண்ணன் ஒருத்தர் கேட்டார், "ஹாபிதானேப்பா, ஜாலியா வாசிக்க வேண்டியதுதானே, எதுக்கு பரீட்சைக்குப் படிக்கற மாதிரி?" ஜாலியா வாசிக்கறவங்க தாராளமா வாசிக்கட்டும், எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. ஆனா நான் ஜாலியா வாசிச்சதோட லட்சணம்தான் பதினோரு ஆடியோவா இருக்கே.

போன ஞாயித்துக்கிழமை பன்னிரண்டாவது ஆடியோ பதிவு பண்ணேன். அந்த இடம் வந்தது, நிக்காம போயிடுச்சு. ரெண்டாவது கம்பி மட்டும் இன்னும் பொத்துன்னுதான் கேட்குது.

டிஸ்கி: ப்ரொஃபைல்ல இருந்து அந்த 'பொழுதுபோக்கு: கிடார்' வரியை எடுத்துடலாமான்னு அம்மாகிட்ட கேட்டேன். "இருந்துட்டுப் போகட்டும்டா, பொண்ணு வீட்ல உன்னை வாசிக்கவா சொல்லப் போறாங்க?"ன்னுட்டாங்க :-)